நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்ட சத்தம்

“இத்தன பேரு கேக்குதியளே, யாருக்காவது கேட்டுச்சா?”

குழந்தைகள் வார்டில் பதினோராம் படுக்கையில் சட்டையில்லாமல் படுத்திருந்த இசக்கி என்ற ஏழு வயதுச் சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவளுடைய நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றவள் எப்சிபா, மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. கேள்வி அவளைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. அவள் பதில் சொல்லவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தட்டிச் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிவிட்டாள். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

பதில் சொல்லாமல் வந்த அந்தக் கேள்வி மூன்றரை வருஷம் அவள் கூடவே இருந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதெல்லாம் முதலில் அதுதான் வந்து நிற்கும்.

ஒரு நெஞ்சை ஒரே நேரத்தில் பல நூறு பேர் கேட்கிற அந்த ஏற்பாட்டுக்கு ‘ஒருசெவி’ என்று பெயர். நல்ல எண்ணத்தோடுதான் அதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் இதயக் கோளாறுள்ள ஒரு குழந்தை வார்டுக்கு வந்தால் நாற்பது மாணவர்கள் வரிசையாக வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்து அழுத்துவார்கள். பத்தாவது ஆள் வருவதற்குள் குழந்தை அழத் தொடங்கிவிடும். ஒருசெவி வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய உலோக வில்லை ஒன்றை ஒரே ஒரு மாணவர் நெஞ்சில் பிடித்தால் போதும். இருபத்திரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் அவரவர் இடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இதயத்தைக் கேட்பார்கள். எல்லோருடைய திரையிலும் ஒரே பக்கம் திறந்திருக்கும். ஒருவர் எழுதி அனுப்புவது மற்றவர்களுக்கு அப்போதே தெரியும். பக்கத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள்: ‘கேட்டது’, ‘கேட்கவில்லை’. எதை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்ற எண்ணும், யார் யார் என்ற பெயரும் பக்கத்திலேயே வரும்.

மற்றவர்களோடு ஒத்துப்போகிறவருக்குச் செவி மதிப்பெண் கூடும். ஒத்துப்போகாதவருக்குக் குறையும். நாற்பதுக்குக் கீழே போனால் பிற்பாடு குழந்தை மருத்துவம் படிக்க முடியாது. எப்சிபாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு இருந்தது.

அன்று பாடம் எடுத்தவர் டாக்டர் சங்கரகோமதி. குழந்தைகளின் இதயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் தெரியாது. காலையிலேயே தம் பழைய ஸ்டெதஸ்கோப்பை வைத்து இசக்கியைப் பார்த்துவிட்டார். தொண்டைப் புண்ணும் மூட்டு வலியுமாக வருகிற காய்ச்சல் இதயத்தையும் தொட்டு, இடப்பக்க வால்வைச் சுருக்கத் தொடங்கியிருந்தது. அப்படிச் சுருங்கினால் இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு மெல்லிய உருளல் கேட்கும், தூரத்தில் மரப்பாலத்தின்மேல் வண்டி போவதுபோல இருக்கும் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் கேளுங்கள் என்றார்.

வில்லை ஏசி அறையிலிருந்து வந்திருந்தது. எப்சிபா அதை வைத்ததும் இசக்கி உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “குளுருது அக்கா” என்றாள்.

ஒரு நிமிஷம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் சரியாகியிருக்கும். எப்சிபாவின் வகுப்பில் செய்யது மீரான் என்ற மேலப்பாளையத்துப் பையன் அப்படித்தான் செய்வான். ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால் கைக்குள் வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். கோழி அடைகாக்குது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அன்று இருபத்திரண்டு கல்லூரிகள் காத்திருந்தன. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தை விசும்பினாள். எப்சிபா என்ன செய்வதென்று தெரியாமல் வில்லையை அரிசி மணி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு விளிம்பு மட்டும் தோலில் பட்டும் படாமலும் இருந்தது. இசக்கி சமாதானமானாள்.

ஹெட்போனில் இதயத்துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்குமேல் ஓர் உருளல் இருந்தது. அது என்னவென்று எப்சிபாவுக்குத் தெரியும். தலைக்கு மேலே பழைய ஃபேன் ஆடி ஆடிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது.

வில்லையைப் பிடிப்பவர்தான் முதலில் பொத்தானை அமுக்க வேண்டும். பேராசிரியர் அவளைப் பார்த்தார். எப்சிபா ‘கேட்டது’ என்பதை அமுக்கினாள்.

பொய்யைக் கெட்டவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள் என்றில்லை. வெட்கப்படுகிறவர்களும் பயப்படுகிறவர்களும் அதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள்.

எண் ஏறத் தொடங்கியது. பத்து, ஐம்பது, இருநூறு. ‘தெளிவாகக் கேட்கிறது’ என்று ஒருவர் எழுதினார். ‘மரப்பாலத்து வண்டியேதான்’ என்றார் இன்னொருவர். நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. ‘கேட்கவில்லை’ என்பதற்கு எதிரே ஒன்று என்றிருந்தது. பெயர்: செய்யது மீரான். அவன் அதே படுக்கையின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தான்.

‘காதுக்குள்ள பஞ்சா மக்கா?’ என்று பக்கத்திலேயே யாரோ எழுதினார்கள். நானூறு பேர் சிரித்தார்கள். மீரானும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய் மூன்று தடவை காதைச் சோதித்துக்கொண்டான். மூன்று தடவையும் காது நன்றாக இருக்கிறது என்றார்கள். அவன் அந்தச் சோதனையை நம்பவில்லை, நானூற்றுப் பன்னிரண்டு பேரை நம்பினான். அடுத்தடுத்த வகுப்புகளில் எதையும் அமுக்கவே தயங்கினான். மதிப்பெண் முப்பத்தொன்றுக்கு இறங்கியது. சின்ன வயசிலிருந்து குழந்தை மருத்துவராக வேண்டும் என்றிருந்தவன், கடைசியில் நோய்க்குறியியலை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனான். அங்கே கண் போதும், காது வேண்டாம்.

ஹவுஸ் சர்ஜன் வருஷத்தின் கடைசி நாளில் மீரான் தன் ஸ்டெதஸ்கோப்பை எப்சிபாவிடம் கொடுத்தான்.

“எனக்கு இனி இதுக்கு வேலை இல்ல எப்சி. நீ மலைக்குப் போற. அங்க ஆகும்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “வைக்கதுக்கு முந்தி உள்ளங்கையில வச்சுக்கோ” என்றான்.

அதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். ஏதாவது தெரிந்து சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். அவன் பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான்.

மலையில் எப்சிபாவுக்குக் கிடைத்தது ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். சுற்றிலும் தேயிலை எஸ்டேட்டுகள். அவளும் பூமாரி என்ற நர்ஸும்தான் அங்கே இருந்தார்கள். ஒருசெவி அதற்குள் வளர்ந்திருந்தது. மாணவர்கள் அத்தனை வருஷம் கேட்டு எழுதிய பக்கங்களைக் கொண்டு அது தானாகவே கேட்கப் படித்துவிட்டது. இப்போது டாக்டர்கூட வேண்டாம். வில்லையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தால் போன் ஒரு பெண் குரலில் சொல்லும்: நலம், அல்லது ஐயம். ஐயம் என்றால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மலைக்கு வந்து மூன்று மாதத்தில் முந்நூற்று நாற்பது குழந்தைகளை வைத்துப் பார்த்தாயிற்று. முந்நூற்று நாற்பதும் நலம்.

முதலில் அது எப்சிபாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு ‘நலம்’ கேட்கும்போதும் தன் பழைய பொய்யால் ஒரு கெடுதலும் வரவில்லை என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பயம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய, எட்டுக்கு எட்டு அறையில் ஒன்பது பேர் படுக்கிற ஈரமான லயன் வீடுகள். வீட்டுக்கு வீடு தொண்டைப் புண். இந்த நோய் குடியிருக்கிற இடமே இதுதான் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். இங்கே ஒரு குழந்தைக்குக்கூட இல்லையா? மலைக்காற்று நல்ல காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இசக்கி இந்த மலையிலிருந்துதான் வந்தவள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை பெய்தது. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. பூமாரி காலையில் பரிசோதனை அறையில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்புகளை விரித்துப்போட்டு ஃபேனைப் போட்டாள். அந்தக் குளிரில் ஃபேனை யாரும் போட்டதே கிடையாது. இறக்கையில் ஒட்டடை தொங்கியது.

அன்று முதலில் வந்தது கணக்குப்பிள்ளையின் மகன். நல்ல திடகாத்திரமான பிள்ளை. போன், ‘ஐயம்’ என்றது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது. எப்சிபா மறுபடி வைத்தாள். மறுபடியும் ஐயம். அடுத்த குழந்தைக்கும் ஐயம். அதற்கடுத்த குழந்தைக்கும். ஆறாவது குழந்தையின் தாய் வாசலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

பூமாரி எப்சிபாவின் காதருகே வந்து, “டாக்டர், எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சுல கோளாறுங்குது இது. எல்லாரையும் கீழ அனுப்பவா?” என்றாள்.

எப்சிபா வில்லையைக் கையில் எடுத்தாள். ஒரு முனகல் அவளுக்குக் கேட்டது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை. நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள்.

எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வில்லையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஐயம் என்றது போன். பூமாரியைச் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். இறக்கைகள் நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மறுபடி வைத்தாள். நலம். பூமாரியின் நெஞ்சில் வைத்தாள். நலம். ஃபேனைப் போட்டு வைத்தாள். ஐயம்.

“இது நெஞ்சக் கேக்கல. ஃபேனத்தான் கேக்குது” என்றாள் பூமாரி. வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கியவள், எப்சிபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எப்சிபா டாக்டர் சங்கரகோமதிக்குப் போன் செய்தாள். அவர் இப்போது ஒருசெவியின் மேற்பார்வைக் குழுவில் இருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மூலப்பக்கம் தேவைப்பட்டது. எந்தப் பக்கத்தில் மாணவர்களிடையே ஒற்றுமை அதிகமோ அதைத்தான் எடுப்பார்கள். நானூற்றுப் பதின்மூன்று பேரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒத்துப்போன பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினோராம் படுக்கை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அது அளந்தது.

“சோதிச்சுப் பாக்கலியா மேடம்?”

“பாத்தோம். நோயுள்ள பிள்ளைகள வார்டுல வச்சுப் பாத்தோம். நல்ல பிள்ளைகள காலேஜ் ஹால்ல வச்சுப் பாத்தோம். எல்லாம் சரியா வந்துச்சு.” அவர் குரல் தேய்ந்தது. “வார்டுல ஃபேன். ஹால்ல ஏசி. அது அப்ப எங்களுக்குத் தோணவே இல்லம்மா.”

கீழே சமவெளியில் கோடைகாலத்தில் பாதிக் குழந்தைகளுக்கு ஐயம் என்று வந்தபோது, இவ்வளவு நாளாகக் கண்டுபிடிக்காமல் விட்டதையெல்லாம் கருவி கண்டுபிடிக்கிறது என்று பாராட்டு விழா நடத்தியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் மேல்சோதனைக்குப் போய்த் தப்பித்துக்கொண்டார்கள். ஃபேன் இல்லாத மலைக்கிராமங்களில் எல்லோரும் நலம்.

அதன்பின் அவர் இன்னொன்றும் சொன்னார். ஏற்கெனவே இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். அது நின்றால் காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்கும். ஆனால் கருவி தொடர்ந்து மூன்று தடவை நலம் என்று சொன்னால் குழந்தையின் பெயர் ஊசிப் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும்படி வைத்திருந்தார்கள்.

எப்சிபா பதிவேட்டைத் திறந்தாள். அந்த மலையில் அப்படி நீங்கிய பெயர்கள் நான்கு. மூன்றாவது பெயர் இசக்கி, பத்து வயது, நாலாங்காடு எஸ்டேட், ஏழாம் லயன். ஊசி நின்று ஒன்பது மாதம்.

மழையிலேயே எஸ்டேட் ஜீப் ஒன்றைப் பிடித்து, எப்சிபாவும் பூமாரியும் அந்த நான்கு வீடுகளுக்கும் புறப்பட்டார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் தெம்பாக இருந்தார்கள். அங்கேயே ஊசியைப் போட்டாள். ஏழாம் லயனுக்குப் போகும் பாதையில் மண் சரிந்திருந்ததால் கடைசி ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. வழி முழுவதும் அவள் வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியத்தை ஜெபித்துக்கொண்டு வந்தாள். ஆண்டவரே, அவள் எழுந்து வந்து கதவைத் திறக்கட்டும்.

கதவைத் திறந்தது தாய் சுடலைவடிவு. உள்ளே இசக்கி இரண்டு தலையணையை அணைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்கள். உதட்டில் நிறமில்லை.

ஒரு மாதமாகவே பிள்ளைக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். ஊசி நின்றதில் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே வந்த சுடலைவடிவு, ஏன் கூட்டிவந்து காட்டவில்லை என்று எப்சிபா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போன் நலம்னு சொல்லிச்சே டாக்டரம்மா. நலம்னு சொன்ன பெறகும் போயி நின்னா, வேலைக்கு மட்டம் போட வந்துட்டான்னு நினைப்பாங்கள்லா.”

எப்சிபா மீரானின் ஸ்டெதஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்தாள். நெஞ்சில் வைக்கிற உலோக முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. காத்திருந்தாள். பூமாரி ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் தேடி வெளியே போனாள். கைக்குள் உலோகம் சூடேறியது. மழை விடவில்லை. குழந்தையின் கழுத்து நரம்பு துடிப்பதை எப்சிபா பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை விடுவதற்குள் அது நின்றுவிடுமோ என்று நினைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மழை ஒரு மூச்சு விட்டதுபோலக் குறைந்தது. அவள் இசக்கியை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள்.

துடிப்பு வேகமாக இருந்தது. நடுவே, மிக மெல்ல, அந்த வண்டி உருண்டது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் கேட்டது என்று சொன்ன சத்தத்தை எப்சிபா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். அன்று தலைக்கு மேலே முனகியதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“நீங்க அந்த ஆஸ்பத்திரி அக்காதானே?” என்றாள் இசக்கி. மூச்சுக்கு நடுவே சொல் சொல்லாக வந்தது. “இப்பக் கேக்குதா?”

“கேக்குதும்மா.”

“அன்னைக்கு?”

எப்சிபா தாயைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். “அன்னைக்குக் கேக்கல. கேட்டுச்சுன்னு பொய் சொல்லிட்டேன்.”

இசக்கி கொஞ்சம் யோசித்தாள். “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “நீங்கதான் தொடவே இல்லியே.”

இருபத்திரண்டு கல்லூரிகளில் ஒருவருக்கும் குழந்தையைக் கேட்கத் தோன்றவில்லை.

இசக்கியை நாற்காலியில் உட்காரவைத்து, லயன்காரர்கள் நால்வர் தூக்கிக்கொண்டு சரிவைக் கடந்தார்கள். பூமாரி கூடவே ஆம்புலன்ஸில் ஏறிக் கீழே போனாள். எப்சிபா மீதமிருந்த நான்காவது பிள்ளையையும் பார்த்து ஊசி போட்டுவிட்டு நிலையத்துக்குத் திரும்பினாள். ஈரத்தோடு உட்கார்ந்து டாக்டர் சங்கரகோமதியை மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை வில்லையைத் தூக்கிப் பிடித்ததையும் சொன்னாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நான் முதல்லயே இருக்கு, கேளுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் இல்லன்னு சொல்ல எத்தன பேருக்குத் தைரியம் வரும்? அதுல எனக்கும் பங்கு இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஃபேன் கதையைச் சொன்னால் குழு ஆராய்கிறோம் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுக்கும். உடனே நிறுத்த ஒரே வழி அந்தப் பதிவையே ரத்து செய்வதுதான். பதிவை ரத்து செய்யப் பதிவு செய்தவரால் மட்டும்தான் முடியும்.

“காரணம் கேக்கும். ரெண்டு காரணம் காட்டும். கருவிக் கோளாறுன்னு போட்டா அந்த ஒரு பதிவ மட்டும் எடுத்திட்டு, அடுத்த பக்கத்த மூலமா வச்சிக்கும். உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொய்ப் பதிவுன்னு போட்டா எல்லாமே நின்னுபோகும், அத்தன பக்கத்தையும் திரும்பப் பாக்கணும். ஆனா உன் பேரு விசாரணைக்குப் போகும். டாக்டரா இருக்க விடுவாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. எதைப் போடுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

எப்சிபா பக்கத்தைத் திறந்தாள். சாயர்புரத்தில் அப்பா, டாக்டர் எப்சிபா என்று பலகை எழுதி வாசலில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டுவார். அதை நினைத்தாள். கருவிக் கோளாறு என்பதன்மேல் விரல் போனது. அடுத்த பக்கமும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் பயந்தாள். பயத்தைத் தள்ளிப்போட, அன்றைய பக்கத்தின் வரலாற்றைப் பார்க்கலாம் என்று திறந்தாள்.

கூட்டுப் பக்கத்தில் எழுதியது எதுவும், அனுப்பாமல் விட்டதுகூட, அழிவதில்லை. யார் எந்த நிமிஷத்தில் எதை எழுதினார், எதை அழித்தார் என்பதெல்லாம் அடியில் கிடக்கும். நானூறு பெயர்களுக்கு நடுவே பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. செய்யது மீரானின் வரி.

‘வில்லை நெஞ்சில் சரியாகப் படவில்லை. கேட்பது ஃபேன் சத்தம். பிடித்திருப்பவர்’

அதற்கு மேல் இல்லை. அடுத்து அவளுடைய பெயர்தான் வந்திருக்க வேண்டும். பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு அந்த வரி கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டிருந்தது. அடுத்த நொடியில், ‘கேட்கவில்லை’.

அவன் பார்த்திருக்கிறான். படுக்கையின் கால்மாட்டிலிருந்து அவளுடைய கையைப் பார்த்திருக்கிறான். நானூறு பேர் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தன்னைப் பற்றிய உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். பிறகு நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னபோது தன் கண்ணையே சந்தேகப்பட்டிருப்பான். தன் காதைச் சோதிக்கப் போயிருக்கிறான்.

அவன் அந்த வரியை அழிக்காமல் விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்றும் சொல்லலாம். ஆனால் எப்சிபாவுக்கு அப்படிச் சொல்லும் உரிமை இல்லை.

அவள் ‘பொய்ப் பதிவு’ என்பதை அமுக்கினாள். காரணம் எழுதும் இடத்தில் மூன்று வரி எழுதினாள். வில்லையைப் பிடித்தவள் நான். குழந்தைக்குக் குளிர்ந்ததால் தூக்கிப் பிடித்தேன். எனக்குக் கேட்கவில்லை, கேட்டது என்று சொன்னேன்.

அதைப் படிக்க ஆளில்லை. கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்குப் பிறகு மேசைமேல் இருந்த போன், ‘ஒருசெவி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது’ என்றது, அதே இனிய குரலில்.

இசக்கி பிழைத்துக்கொண்டாள். வால்வை விரித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் ஊசி உண்டு. மேடு ஏறி ஓட முடியாது. ஒன்பது மாதத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மற்ற மலைகளில் எத்தனை இசக்கிகள் என்று வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். எப்சிபாவை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். டாக்டர் சங்கரகோமதி தம் பங்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். அந்தப் பக்கத்தில் முப்பத்தேழு பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து ‘எனக்கும் கேட்கவில்லை’ என்று மாற்றிப் போட்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. செவி மதிப்பெண் என்பதையே எடுத்துவிட்டார்கள். அதனால் தடுக்கப்பட்டவர்கள் விரும்பினால் குழந்தை மருத்துவத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் போயிற்று.

மீரானிடமிருந்து போன் வரவில்லை. அவளும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை எப்சி என்று சொல்லிவிடுவான். அவ்வளவு எளிதாக அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எப்சிபா சாயர்புரத்திலிருந்து பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வழி முழுவதும் வலது கையை மூடியே வைத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா, கையில் அடியா பிள்ளை என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தாள்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. நோய்க்குறியியல் ஆய்வகம் திறந்து கிடந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மீரான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்; அந்த நேரம் பார்த்துத்தான் வந்தாள். ஜன்னலோர மேசையில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. நுண்ணோக்கியின் பக்கத்தில் குழந்தை மருத்துவ விண்ணப்பம் பாதி நிரப்பியபடி இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

ஸ்டெதஸ்கோப்பின் குழாயைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். கடைசியாக வலது கையைத் திறந்து, வழி முழுவதும் பொத்தி வைத்திருந்த உலோக முனையை விட்டாள். சீட்டு எதுவும் எழுதவில்லை.

மேசைக்கு நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வருவதற்குள் உலோகம் ஆறிவிடுமே என்று, போகிற வழியில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள்.